ஈஸ்ட்டுக்கு முப்பது பாகை

உயிரணுச் சரக்குப் போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தில் ஈஸ்ட்டுக்குத் திதி கொடுப்பது மார்ச் மாதத்தில். கட்டடத்துக்குப் பின்னால், பிவா ஏரியைப் பார்த்தபடி ஒரு மண்மேடு இருக்கிறது. மேட்டின் உச்சியில் கருங்கல். கல்லில் 'நுண்ணுயிர்களின் ஆன்மாவுக்கு நன்றி' என்று பொறித்திருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் கொதிநீராவியில் போட்டுக் கொன்ற ஈஸ்ட்டுகளுக்காக அங்கே பிக்கு வந்து ஓதுவார். இயக்குநர் ஒரு சிட்டிகை சாம்பிராணித் தூள் போடுவார். எல்லோரும் குனிவார்கள். முடிந்ததும் கூடத்துக்குப் போய் பீர் குடிப்பார்கள். பீர் எதனால் புளிக்கிறது என்பதை அன்றைக்கு யாரும் பேசுவதில்லை.

அந்த ஈஸ்ட்டுகளை வளர்ப்பவள் தொகாஷி ஹருயோ. நாற்பத்தாறு வயது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் வேலை. ஈஸ்ட்டின் பசிக்கும் பெருக்கத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்பதால் அவளுக்கும் கிடையாது. வருகிற மார்ச் கடைசியோடு அவள் சேர்ந்து பத்து வருடம். பத்து வருடத்தைத் தாண்டி வேலை செய்தால், 'என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கும் உரிமை சட்டப்படி வந்துவிடும். அப்படி ஒருவருக்கும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே நிறுவனத்தில் ஒரு பிரிவு இயங்கியது. அதன் பெயர் மனிதவள மலர்ச்சிப் பிரிவு. தலைவர் இசோபே.

ஜனவரியில் இசோபே அவளைக் கூப்பிட்டார்.

"வாங்க தொகாஷி-சான். உக்காருங்க. உங்க ஒப்பந்தம் மார்ச்சோட நிறைவடையுது. வாழ்த்துகள்."

"எதுக்கு வாழ்த்து?"

"நிறைவுக்கு."

"என் வேலை நிறையலையே. அது பாட்டுக்கு இருக்கே. அதை யாரு பாப்பாங்க?"

"அதுக்கு விளம்பரம் குடுத்திருக்கோம். நீங்களும் விண்ணப்பிக்கலாம். எங்க கதவு எல்லாருக்கும் தெறந்திருக்கு."

விளம்பரத்தைப் பார்த்தாள். சூடு பட்டால் வேலைநிறுத்தம் செய்யும் ஈஸ்ட் இனங்களைப் பேணுவதில் பத்தாண்டு அனுபவம் வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த இனங்கள் அந்த ஊரில் அந்த ஒரு கட்டடத்தில்தான் இருந்தன. அவற்றைப் பத்தாண்டு பேணியவள் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான். தன்னைத் தேடித் தனக்கே விளம்பரம் கொடுக்கிறார்களே என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள். விண்ணப்பித்தாள். நிராகரித்துவிட்டார்கள்.

"ஏங்க?"

"உங்களுக்கு இங்கயே பத்து வருஷ அனுபவம் இருக்கே."

"அதைத்தானே கேட்டிருந்தீங்க?"

"கேட்டது அனுபவத்தை. இங்க கெடைச்ச அனுபவத்தை இல்ல." இசோபே பொறுமையான மனிதர். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "ஒரு வழி இருக்கு. ஆறு மாசம் ஆற விடணும். ஆறு மாசம் வெளியில இருந்துட்டு வந்தீங்கன்னா பழைய கணக்கெல்லாம் அழிஞ்சு பூஜ்யத்துலேந்து ஆரம்பிக்கும். புதுசாப் பொறந்த மாதிரி."

"அந்த ஆறு மாசம் சோத்துக்கு என்ன பண்றது?"

"அது நீங்க பொறக்கறதுக்கு முந்தின விஷயம். எங்க பிரிவுக்குக் கீழ வராது."

ஹருயோவின் கணவன் கென்சாகு நகரப் பேருந்து ஓட்டுகிறவன். அவனுக்கு வலது கண்ணில் நீர் அழுத்தம். ஏப்ரலிலிருந்து வண்டியைத் தொடக் கூடாது, பணிமனையில் வண்டி கழுவலாம், சம்பளத்தில் பாதி தருகிறோம் என்று அவனுடைய கம்பெனி சொல்லியிருந்தது. அந்த வீட்டில் இனி முழுச் சம்பளம் என்று ஒன்று வந்தால் அது ஈஸ்ட் மூலமாகத்தான் வரவேண்டும். ஹருயோ இதை இசோபேயிடம் சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் எழுந்து நின்று குனிந்துவிட்டார். அவர் குனிந்தால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

பிப்ரவரியில், இந்த வருடமும் அடுத்த வருடமும் ஒப்பந்தம் முடிகிறவர்களுக்காகக் கட்டாயக் கருத்தரங்கு வைத்தார்கள். தலைப்பு 'பிரிதலின் அழகு'. பேசியவர் இயக்குநர் குராமோச்சி சென்செய்; சென்செய் என்றால் ஆசான். புரதங்களைப் பிரிக்கும் ஒரு புரதத்தைப் பற்றி இளவயதில் எதையோ கண்டுபிடித்தவர். அன்றிலிருந்து அதை 'என் புரதம்' என்றுதான் சொல்வார். சொந்த மகளைக்கூட அவர் அத்தனை உரிமையோடு சொல்லி யாரும் கேட்டதில்லை.

"உயிரணுவுக்குள்ள சரக்கெல்லாம் சின்னச் சின்னப் பையில போகுது," என்று ஆரம்பித்தார் சென்செய். "பை மேல ஒரு புரதம். போய்ச் சேர வேண்டிய சுவர் மேல ஒரு புரதம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்ததும் கயிறு திரிச்ச மாதிரி முறுக்கிக்குது. முறுக்க முறுக்க பையும் சுவரும் நெருங்கி, ஒட்டி, ஒரே சவ்வா ஆயிடுது. சரக்கு உள்ள கொட்டிடுது. மகத்தான தருணம்!"

தண்ணீர் குடித்தார்.

"அதுக்கப்புறம்? அந்த ரெண்டு புரதமும் கட்டிப்பிடிச்சபடியே கெடக்கு. எதுக்காவது உதவுமா? உதவாது. அங்கதான் என் புரதம் வருது. பலத்தைப் பிரயோகிச்சு ரெண்டையும் பிரிச்சு விடுது. பாக்கறவங்களுக்குக் கொடுமையாத் தெரியும். ஆனா பிரிக்கலேன்னா உயிரணுவே செத்துடும். அருமை ஒப்பந்த ஊழியர்களே! நீங்களும் நாங்களும் இத்தனை வருஷம் முறுக்கிக்கிட்டு இருந்தோம். சரக்கு கொட்டியாச்சு. இப்ப பிரியறோம். இதை நிர்வாக முடிவுன்னு நெனைக்காதீங்க. உயிரியல்னு நெனைங்க. நான் உங்களை அனுப்பல. இயற்கை அனுப்புது. நான் கையெழுத்து மட்டும்தான் போடறேன்."

கைத்தட்டல். வேலை போகிறவர்களும் தட்டினார்கள். தட்டாவிட்டால் வருகைப் பதிவில் குறிப்பார்களோ என்று ஒரு பயம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒனுகி, சுண்டெலிகளைப் பார்த்துக்கொள்கிறவன், அடுத்த வருடம் அவனுக்கும் இதே கதிதான், ஹருயோவின் காதருகே சொன்னான்: "சரக்கு யாரு வீட்டுல கொட்டிச்சுன்னு சொல்லவே இல்ல பாருங்கக்கா."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது ஹருயோ அந்தப் பேச்சைக் கணவனிடம் நடித்துக் காட்டினாள். தண்ணீர் குடிப்பதையும் சேர்த்து. கென்சாகு சிரித்துவிட்டு, கண்ணில் மருந்தை விட்டுக்கொண்டே கேட்டான்.

"பிரிச்சு விட்டதுக்கப்புறம் அந்த ரெண்டும் எங்க போகும்?"

"திரும்ப அதே வேலைக்கு. அதுக்குத்தானே பிரிக்கறதே."

"அப்ப உன்னை?"

ஹருயோ தோஃபுவை வெட்டிக் குழம்பில் போட்டாள். கொஞ்சம் பலமாகவே போட்டாள். தெறித்தது.

"உங்க சென்செய் பாதிப் பாடத்தோட எந்திரிச்சு வந்துட்டார்போல," என்றான் கென்சாகு.

மறுவாரம் இசோபே அவளை மறுபடி கூப்பிட்டார். வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஓடினாள். எப்போதும் இப்படித்தான். அவள் நெஞ்சு அவளைக் கேட்காமலேயே முன்னால் ஓடிவிடும். அவள் பின்னால் போய் அதைப் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும்.

"இந்த வருஷத் திதியில ஈஸ்ட்டுக்கு இரங்கலுரை வாசிக்கறது நீங்க," என்றார் இசோபே. "பெரிய கௌரவம். அமைச்சகத்துலேந்து விருந்தாளிங்க வராங்க. உரை எழுதியாச்சு. நீங்க வாசிச்சாப் போதும். அழக் கூடாது. ஆனா அழற மாதிரி இருக்கணும்."

ஒத்திகை நடந்தது. குனிவதற்குக்கூட விதி இருந்தது. திதியில் கூடவே சேர்த்துக்கொள்ளும் ஆய்வுச் சுண்டெலிக்கு நாற்பத்தைந்து பாகை. ஈஸ்ட்டுக்கு முப்பது. முதுகெலும்பு உள்ள உயிருக்கு முதுகை அதிகம் வளைக்க வேண்டும் என்று துணைக்குழு முடிவெடுத்திருந்தது. இசோபே ஒரு மரக் கோணமானியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் கொஞ்சம். இன்னும். ஆ, அது எலிக்குப் போயிடுச்சு. நிமிருங்க."

"ஒப்பந்த ஊழியர் செத்தா எத்தனை பாகைங்க?" என்று கேட்டாள் ஹருயோ. வேடிக்கையாகத்தான் கேட்டாள்.

இசோபே உண்மையாகவே யோசித்தார். "விதியில இல்ல," என்றார். "யாரும் இங்க பணிக்காலத்துக்குள்ள செத்ததில்ல. நாங்க அதுக்கு முன்னாலயே முடிச்சுடுவோம்."

திதியன்று ஏரியிலிருந்து காற்று. மேட்டின் முன்னால் நாற்காலிகள், முதல் வரிசையில் அமைச்சகத்து விருந்தினர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் குராமோச்சி சென்செய். மேட்டின் மேல் மூன்று உயரமான மரப்பலகைகள் நட்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் நிறுவன முத்திரை, அதற்குக் கீழே இறந்தவரின் பெயர், கறுப்பு மையில், கோயிலில் எழுதியது. காற்றுக்காகத் துணி சுற்றியிருந்ததால் முன்னதாக யாரும் படிக்கவில்லை.

பிக்கு கோஜுன் மோட்டார் சைக்கிளில் வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார், மணியை அடித்தார், துணியை அவிழ்த்தார், ஓத ஆரம்பித்தார். நல்ல கனமான குரல்.

"வெப்பம் தாங்கா ஈஸ்ட் இனங்களின் ஆன்மா..."

எல்லோரும் முப்பது பாகை குனிந்தார்கள்.

"ஆய்வுச் சுண்டெலிகளின் ஆன்மா..."

நாற்பத்தைந்து.

"தொகாஷி ஹருயோவின் ஆன்மா..."

ஒருவரும் குனியவில்லை. எத்தனை பாகை என்று யாருக்கும் தெரியவில்லை.

இறந்தவள் இரண்டாம் வரிசையில், கறுப்பு உடையில், கையில் இரங்கலுரையோடு நின்றுகொண்டிருந்தாள். முதலில் தான் தவறாகக் கேட்டோமோ என்று நினைத்தாள். அப்புறம் பலகையைப் பார்த்தாள். தன் பெயர் அத்தனை அழகான எழுத்தில் எழுதி அவள் பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். இந்த நிதியாண்டோடு பயன்பாடு முடியும் உயிருள்ளவை எவை என்று இசோபேயின் பிரிவு கணினியைக் கேட்டது. ஒப்பந்த ஊழியர்களின் சம்பளம் அங்கே கண்ணாடிக் குழாய், கையுறை, எலித் தீனி ஆகியவற்றோடு நுகர்பொருள் தலைப்பில் இருக்கிறது. உயிருள்ள நுகர்பொருள், மார்ச்சோடு முடிகிறது. இந்த வருடம் அப்படி முடிவது ஹருயோ ஒருத்திதான். கணினி மூன்று பெயர்களைத் துப்பியது. ஆறு அதிகாரிகள் முத்திரை வைத்தார்கள். பிக்குவுக்கு மட்டும் லேசாகச் சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் விஞ்ஞானிகள் ஈஸ்ட்டுகளுக்குச் செல்லப்பெயர் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், இதுவும் ஏதோ நல்ல ஈஸ்ட் என்று எழுதிவிட்டார்.

ஓதும்போது நடுவில் நிறுத்தக் கூடாது. விருந்தினர்கள் முன்னால் நிறுத்தவே கூடாது. குராமோச்சி சென்செய் இசோபேயைப் பார்த்தார். இசோபே உள்ளங்கையைக் காற்றில் சாய்த்துக் காட்டினார், ஈஸ்ட்டுக்கும் எலிக்கும் நடுவே. சென்செய் அந்த அளவுக்குக் குனிந்தார். அவரைப் பார்த்து எல்லோரும் குனிந்தார்கள். பிறகு பதவி வரிசைப்படி ஒவ்வொருவராகப் போய் மூன்று பலகைகளுக்கும் சாம்பிராணி போட்டார்கள். சென்செய் மூன்றாவது பலகை முன்னால் கண்ணை மூடி, உதட்டைக்கூட அசைத்தார். நின்றுகொண்டிருக்கும் ஹருயோவைத் தாண்டித் திரும்பிப் போகும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. இறந்தவர்களை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை.

"அடுத்து இரங்கலுரை," என்று ஒலிபெருக்கி சொன்னது.

ஹருயோ முன்னால் போனாள். தாள் காற்றில் அடித்துக்கொண்டது. கொடுத்ததைக் கொடுத்தபடி வாசித்தாள்.

"அன்பான ஈஸ்ட்டுகளே! நீங்கள் ஒருபோதும் கேள்வி கேட்கவில்லை. விடுப்பு கேட்கவில்லை. சூடேற்றினோம், உங்களுக்குள் சரக்குப் பைகள் சேரவேண்டிய இடம் சேராமல் குவிந்து கிடந்தன. அந்த வேதனையைத் தாங்கி எங்களுக்கு அறிவு தந்தீர்கள். குளிரவைத்தோம், எழுந்து மறுபடி உழைத்தீர்கள். எங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. உங்களை நாங்கள் கைவிடமாட்டோம்."

அத்தோடு தாள் முடிந்தது. இசோபே கைத்தட்டலுக்குக் கையைத் தூக்கினார். ஹருயோ நகரவில்லை. கோபத்தில் அவளுக்குக் குரல் உயராது, தாழ்ந்துவிடும். ஒலிபெருக்கி இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"தொகாஷி-சான், நீங்களும்தான் எதுவும் கேக்கல. புத்தாண்டு அன்னிக்கு வந்து ஈஸ்ட்டுக்கு ஊட்டினீங்க, உங்க வீட்டுக்காரர் தனியா உக்காந்து சாப்பிட்டாரு. நீங்க வளத்த ஈஸ்ட்டை வெச்சு வந்த கட்டுரைகள் மாடியில அலமாரி நிறைய இருக்கு. ஒண்ணுலயும் உங்க பேர் இல்ல. 'தொழில்நுட்ப உதவிக்கு நன்றி'ன்னு இருக்கும், யாருக்குன்னு இருக்காது. இந்த நிறுவனம் உங்க பேரை எல்லாரும் பாக்கற மாதிரி எழுதினது இன்னிக்குத்தான். அதுவும் சாவுப் பலகையில. நீங்க நல்ல பொம்பளை, தொகாஷி-சான். ஆனா முட்டாள். சாகறதுக்கு முன்னால கேட்டிருக்கணும்."

அவள் மூன்றாவது பலகையை நோக்கி இடுப்பு ஒடியக் குனிந்தாள். பின் வரிசையிலிருந்த ஒப்பந்த ஊழியர்களும் குனிந்தார்கள். கோணமானிக்கு அடங்காத குனிவு. ஒனுகிக்கு நெற்றி முழங்காலில் இடித்தது.

அமைச்சகத்து விருந்தினர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இறந்தவரின் சகோதரி பேசுகிறாள் என்று அவர் நினைத்திருந்தார்.

மறுநாளே மன்னிப்புக் கூட்டம் கூடியது. நிறுவனத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியும். அதற்குத் தனிக் கையேடு இருக்கிறது. ஐந்து அதிகாரிகள் வரிசையாக நின்று, ஒரே மூச்சில் குனிந்து, ஒரே மூச்சில் நிமிர்ந்தார்கள். மேசை மேல் பயற்று அல்வாப் பெட்டி.

"உயிரோடிருக்கும் நபரை இறந்தவரா அறிவிச்சதுக்கு மனமார வருந்தறோம்," என்றார் இசோபே.

"அப்ப நான் உயிரோடதான் இருக்கேன்?"

"சந்தேகமே இல்ல."

"அப்ப என் வேலை?"

"அது வேற. அது முப்பத்தொண்ணாம் தேதி முடியுது."

"பலகையில எழுதினது தப்பு. வெளிய அனுப்பறது சரி."

"எவ்வளவு அழகாச் சுருக்கிட்டீங்க!" இசோபேக்கு உண்மையிலேயே நிம்மதி. "இன்னொரு சின்ன வேண்டுகோள். மிச்சமிருக்கற நாளுக்கு நீங்க கட்டடத்துக்குள்ள நடமாடாம இருந்தா நல்லது. விருந்தாளிங்க உங்களுக்கு முறைப்படி அஞ்சலி செலுத்திட்டாங்க. எதிர்ப்பட்டா அவங்களுக்குச் சங்கடம்."

குராமோச்சி சென்செய் முதல்முறையாக வாய் திறந்தார். "போறதுக்கு முன்னால உங்க எடத்துக்கு வரப் போற புதுப் பெண்ணுக்கு ஈஸ்ட் வேலையெல்லாம் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க, தொகாஷி-சான். பின்வாசல் வழியா வந்து."

ஹருயோ அல்வாப் பெட்டியைப் பார்த்தாள். அதை அவர் தலையில் கவிழ்க்கலாம் என்று தோன்றியது. நல்ல கடைப் பெட்டி. அதை வீணாக்கவும் மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டு போய் ஒப்பந்த ஊழியர்களின் ஓய்வறையில் வைத்தாள்.

அடுத்த நாள் கென்சாகு பேருந்துச் சீருடையோடு, வெள்ளைக் கையுறையோடு, மனிதவள மலர்ச்சிப் பிரிவின் கதவைத் தட்டினான். முந்தைய மாலை பிக்கு கோஜுனிடம் பேசிவிட்டு வந்திருந்தான்.

"நான் இறந்தவங்களோட வீட்டுக்காரன்."

இசோபே அனிச்சையாக எழுந்து குனிந்துவிட்டார். குனிந்தபடியே யோசித்தார். "ஆனா அவங்க சாகலையே?"

"பிக்கு ஓதினது ஓதினதுதானாம். வாபஸ் வாங்க மந்திரம் கெடையாதாம். துக்க வீட்டுக்காரங்க கேட்டா பலகையைக் குடுத்துடணுமாம். உங்க திதி விதியிலயே இருக்குன்னாரு."

இருந்தது. எலிகளின் உறவினர் யாரும் இதுவரை வந்து கேட்காததால் அந்த விதி புதுசாகவே இருந்தது. இசோபே அதை இரண்டு முறை படித்தார். விதி என்று ஒன்று இருந்துவிட்டால் அவரால் மீற முடியாது. அந்த மனிதரின் நல்ல குணமும் கெட்ட குணமும் அது ஒன்றுதான்.

"உங்க இழப்புக்கு வருந்தறோம்," என்றார்.

"நன்றி. சீக்கிரம் குடுங்க. அவ வாசல்ல நிக்கறா, மழை வர மாதிரி இருக்கு."

ஏப்ரல் பிறந்தது. புதுப் பெண் முன்வாசல் வழியாக வேலைக்கு வந்தாள். ஓராண்டு ஒப்பந்தம். வாசலுக்கு வெளியே, பொதுச் சாலையில், ஹருயோ நின்றாள். அவளைவிட உயரமான பலகையைக் கையில் நட்டமாகப் பிடித்திருந்தாள்.

வாயிற்காவலர் முதலில் அவளைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தார். நிறுவன முத்திரை, கறுப்பு மை. தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்று குனிந்துவிட்டுப் போனார்கள். முத்திரை வைத்த சாவுப் பலகையைக் கண்டுகொள்ளாமல் கடந்து போக அந்த ஊரில் யாருக்கும் கால் வராது. ஒனுகி வந்தான், குனிந்தான், உள்ளே போகாமல் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

"உனக்கு நேரமாகலையா?"

"எலிங்க எங்க போயிடப் போவுது. கை வலிச்சா சொல்லுங்கக்கா, மாத்திப் பிடிக்கறேன்."

கறுப்புக் கார் வந்தது. உள்ளே குராமோச்சி சென்செய், அவருக்குப் பக்கத்தில் அமைச்சகத்திலிருந்து புதிதாகப் பொறுப்பேற்ற ஓர் அதிகாரி. கார் வாசலில் திரும்பும்போது அதிகாரி பலகையைப் பார்த்து, டிரைவரின் தோளைத் தட்டி, நிறுத்தச் சொல்லி இறங்கினார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கை கூப்பி, ஆழமாகக் குனிந்தார். விருந்தினர் இறங்கிக் குனியும்போது சென்செய் காருக்குள் உட்கார்ந்திருக்க முடியாது. அவரும் இறங்கினார், அவரும் குனிந்தார். உள்ளேயிருந்து ஓடிவந்த இசோபே ஓடின வேகத்திலேயே குனிந்தார்.

"யாரு இவங்க?" என்று அதிகாரி குனிந்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எங்க குடும்பத்துல ஒருத்தி மாதிரி," என்றார் சென்செய், தரையைப் பார்த்து.

"ஐயோ பாவம். எப்படிப் போனாங்க?"

"அனுப்பினாங்க," என்றாள் ஹருயோ.

மூவருக்கும் அவளுடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது. அதிகாரி நிமிரும்வரை மற்ற இருவரும் நிமிர முடியாது. அதிகாரிக்கோ இப்போது என்ன செய்வது என்றே புரியவில்லை.

"தொகாஷி ஹருயோ நான்தாங்க. எனக்கு இங்க வேலை வேணும். குடுக்கற வரைக்கும் நாளைக்கும் வருவேன், நாளன்னிக்கும் வருவேன். விடுப்பு எடுக்கற வழக்கம் எனக்குக் கெடையாது. சென்செய்க்குத் தெரியும்."

சென்செய்யின் கழுத்துப் பின்புறம் சிவந்துகொண்டிருந்தது. இதற்குக் கையேட்டில் எந்தப் பக்கம் என்று இசோபே மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். எந்தப் பக்கமும் இல்லை. அவர் இன்னும் கொஞ்சம் கீழே குனிந்தார். அதைப் பார்த்துச் சென்செய்யும் குனிந்தார்.

ஹருயோ பதிலுக்குக் குனியவில்லை.